ரிமோட்டில் 300, கார்டில் 174: டைமர் ரிமோட் வைத்து டைம்லாப்ஸ் எடுக்கும்போது படங்கள் ஏன் விடுபடுகின்றன?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கேனன் 1500டி கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஆன்லைனில் வாங்கிய ஒரு டைமர் ரிமோட். கோடைக்கானலில் சாயங்காலம், பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் மேகத்தை எடுக்க 2 விநாடிக்கு ஒரு படம், மொத்தம் 300 என்று வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ரிமோட் திரையில் 300 முடிந்துவிட்டது, ஆனால் கார்டில் 174 படம்தான் இருக்கிறது. அவற்றைச் சேர்த்து ஓட்டினால் மேகம் நடுநடுவே குதிக்கிறது, வெளிச்சமும் துடிக்கிறது. ரிமோட் பழுதா, இன்டர்வெல் (ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே விடும் நேரம்) எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ரிமோட் எடுக்கச் சொன்ன பிறகும் கேமரா ஏன் எடுக்கவில்லை? நான் பதினோரு வருடமாக டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களைச் சேர்த்து வேகமாக ஓட்டும் காணொளி) எடுக்கிறேன், பெரும்பாலும் கேனனில், கொஞ்சம் நிக்கானில். சோனி, ஃபியூஜி எல்லாம் வைத்து வேலை செய்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் ரிமோட் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். உங்கள் கேமராவில் அது சொருகும் இடம் 2.5 மி.மீ. ஜாக், பழைய ஹெட்போன் பின்னுக்குத் தம்பி மாதிரி இருக்கும். அதில் மூன்று தொடுமுனைகள். ஒன்று பொது இணைப்பு. இன்னொன்றைப் பொது இணைப்போடு தொடவிட்டால் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியதாகக் கேமரா எடுத்துக்கொள்ளும், மூன்றாவதையும் தொடவிட்டால் முழுக்க அழுத்தியதாக. அவ்வளவுதான். கேமராவிலிருந்து ரிமோட்டுக்குத் திரும்பி வரும் தகவல் எதுவும் கிடையாது. படம் விழுந்ததா, ஃபோகஸ் கிடைத்ததா, கார்டில் இடம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியவே தெரியாது. நேரம் பார்த்து அழுத்தும் கண் தெரியாத விரல் அது. திரையில் நீங்கள் பார்த்த 300 என்பது அது அழுத்திய கணக்கு, எடுத்த கணக்கு இல்லை. 300 முறையும் அழுத்தி முடித்திருக்கிறது என்றால் ரிமோட் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. 126 முறை கேமரா வேறு வேலையில் இருந்திருக்கிறது, அல்லது எடுக்க மறுத்திருக்கிறது.

ஏன் மறுத்தது என்பதற்கு என் முதல் சந்தேகம் ஆட்டோ ஃபோகஸ் மேல். லென்ஸில் ஏஎஃப் சுவிட்சை மாற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாற்றவில்லை என்றால், ரிமோட் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் லென்ஸ் புதிதாக ஃபோகஸ் தேடும். ஒன் ஷாட் ஏஎஃப் முறையில் ஃபோகஸ் பிடிபடாதவரை கேமரா படம் எடுக்காது, அதன் அமைப்பே அப்படி. எதிரே மலை விளிம்பு தெரியும் நேரத்தில் உடனே பிடிக்கும். மேகம் மூடி எல்லாம் ஒரே வெள்ளையாக ஆனதும் பிடித்துக்கொள்ள ஒரு கோடுகூட இருக்காது, லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிவிட்டு ஓய்ந்துவிடும், அதற்குள் ரிமோட் அடுத்த அழுத்தலுக்கு வந்திருக்கும். அதாவது மேகம் அழகாக வந்து மூடும் நேரத்தில்தான் படங்கள் விடுபட்டிருக்கும். நீங்கள் சொல்லும் குதிப்பு அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சந்தேகம் நேரக் கணக்கு. ஏவி மோடு (ஷட்டர் நேரத்தைக் கேமராவே முடிவு செய்யும் முறை), எஃப்/11 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளி உணர்வின் அளவு), தொடங்கும்போது ஷட்டர் 1/4 விநாடி என்று எழுதியிருக்கிறீர்கள். சூரியன் மறைந்த பிறகு நம் அட்சரேகையில் ஏறக்குறைய 3 நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம் வெளிச்சம் இறங்கும், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. உங்கள் 300 அழுத்தலுக்கு ஆனது 10 நிமிடம், அதாவது மூன்று ஸ்டாப். 1/4 என்பது 1/2 ஆகி, 1 ஆகி, கடைசியில் 2 விநாடிக்கு வந்திருக்கும். 2 விநாடி திறந்திருக்கும் ஷட்டரை 2 விநாடிக்கு ஒரு முறை அழுத்தினால், ஒன்று விட்டு ஒன்று வீணாகும். அதோடு ரா (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு), ஜேபெக் இரண்டும் சேர்த்து எடுத்திருக்கிறீர்கள். இந்தக் கேமராவில் ஒரு ரா கோப்பு சுமார் 25 முதல் 30 எம்பி வரும். பழைய, மெதுவான கார்டு என்றால் 2 விநாடிக்குள் அவ்வளவையும் எழுதி முடிக்காது, உள்ளே இருக்கும் தற்காலிக நினைவகம் நிரம்பும், நிரம்பிய பிறகு கேமரா கொஞ்ச நேரம் எந்த அழுத்தலையும் கண்டுகொள்ளாது.

இதில் எது நடந்தது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம், அதுவும் இப்போதே. படங்களைக் கணினியில் போட்டு ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தை வரிசையாகப் பாருங்கள். திட்டுத் திட்டாக, மேகம் மூடிய இடங்களில் மட்டும் 6, 10, 20 விநாடி இடைவெளி விழுந்திருந்தால் ஃபோகஸ். ஆரம்பத்தில் 2, 2, 2 என்று ஒழுங்காக வந்து, கடைசிப் பகுதி முழுக்க 4, 4, 4 என்று மாறியிருந்தால் ஷட்டர் நேரம் நீண்டுவிட்டது. முதல் இருபது முப்பது படம் சரியாக வந்து, அதற்கப்புறம் வெளிச்சத்துக்கும் மேகத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் சீராக விட்டு விட்டு வந்திருந்தால் கார்டு. சரியாக 150 படம் இருந்திருந்தால் நான் மிரர் லாக்-அப்பைத்தான் முதலில் கேட்டிருப்பேன், ஏனென்றால் அது ஆன் ஆகியிருக்கும்போது முதல் அழுத்தல் கண்ணாடியைத் தூக்கும், இரண்டாவது அழுத்தல்தான் படம் எடுக்கும். 174 என்ற எண் அதற்குப் பொருந்தவில்லை. ஃபோகஸும் ஷட்டர் நேரமும் சேர்ந்து செய்த வேலை என்பது என் ஊகம். ஊகம்தான், அந்த நேர வரிசையைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல முடியாது.

இனி ரிமோட்டில் இருக்கும் நான்கு எண்கள். டிலே என்பது தொடங்குவதற்கு முன் காத்திருக்கும் நேரம். லாங் என்பது பட்டனை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது. இன்டர்வெல் என்பது இடைவெளி. என் என்பது எத்தனை முறை; அதில் இரண்டு கோடு மட்டும் தெரிந்தால் நிறுத்தும் வரை ஓடும் என்று அர்த்தம். லாங் எண் நிறையப் பேரைக் குழப்புகிறது. கேமரா பல்ப் முறையில் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் முறை) இருந்தால் மட்டும்தான் அது ஷட்டர் நேரமாக ஆகும். எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் மோடில் கேமராவிலேயே ஷட்டர் நேரம் வைத்துவிட்டால் லாங் எண்ணுக்கு வேலை இல்லை, பூஜ்யமாக விடலாம். சில மலிவு ரிமோட்டுகளில் பூஜ்யம் வைத்தால் தொடும் நேரம் மிகக் குறைந்துபோய்க் கேமரா கவனிக்காமல் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அப்படி நடந்தால் 1 விநாடி வையுங்கள். டிரைவ் மோடு சிங்கிளில் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், தொடர் படத்தில் இருந்தால் அந்த ஒரு விநாடியில் மூன்று படம் விழும்.

இன்டர்வெல் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பது எல்லா ரிமோட்டிலும் ஒன்றாக இல்லை. சிலவற்றில் ஒரு அழுத்தலின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை. சிலவற்றில் முந்தையதை விட்டதிலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை. ரிமோட்டோடு வரும் துண்டுச் சீட்டை நம்ப வேண்டாம், என்னிடம் இருக்கும் ஒன்றில் சீட்டு ஒன்று சொல்கிறது, ரிமோட் வேறு செய்கிறது. வீட்டில் ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். கேமராவைப் பல்ப்பில் வைத்து, லாங் 5 விநாடி, இன்டர்வெல் 10 விநாடி, என் 5 என்று ஓட்டுங்கள். முதல் ஷட்டர் திறக்கும் சத்தத்திலிருந்து அடுத்தது திறக்கும் வரை போனில் நேரம் பாருங்கள். 10 வந்தால் முதல் வகை, 15 வந்தால் இரண்டாவது. ரிமோட்டின் முதுகில் அதை எழுதி ஒட்டிவிடுங்கள். இரவில் குளிரில் இந்தக் கணக்கை நினைவிலிருந்து போட்டால் தப்பாகத்தான் வரும்.

எவ்வளவு இன்டர்வெல் என்பதற்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன், இதில் சட்டம் எதுவும் இல்லை. பள்ளத்தாக்கில் வேகமாக ஏறும் மேகத்துக்கு 2 விநாடி, தூரத்தில் மெதுவாக நகரும் பஞ்சு மேகத்துக்கு 4 முதல் 6, சூரியன் மறைவதற்கு 5, தேர் இழுப்பு மாதிரி கூட்டம் நகரும் காட்சிக்கு 1, சுவரில் நிழல் நகர்வதற்கு 30, கட்டடம் எழும்புவதற்கு 10 நிமிடம். படத்தில் இருக்கும் பொருள் சட்டகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக எத்தனை விநாடி ஆகிறது என்று கண்ணால் பாருங்கள். ஓடும் காணொளியில் அந்தப் பயணத்துக்கு எத்தனை விநாடி கொடுக்க ஆசைப்படுகிறீர்கள் என்று முடிவு செய்து அதை 25-ஆல் பெருக்குங்கள், அத்தனை படம் வேண்டும். மேகம் கடக்க 10 நிமிடம், காணொளியில் 6 விநாடி என்றால் 150 படம், 600 விநாடியை 150-ஆல் வகுத்தால் 4 விநாடி இன்டர்வெல். சந்தேகமாக இருந்தால் குறைவான இன்டர்வெல் பக்கம் சாயுங்கள். அதிகப் படம் இருந்தால் பிறகு ஒன்று விட்டு ஒன்று எடுத்துவிடலாம், எடுக்காத படத்தைக் கொண்டுவர முடியாது.

கோடைக்கானல் என்றதும் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அங்கே இருக்கும் சூரிய ஆய்வகம். 1899-இல் அமைந்தது, இப்போது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. 1904 முதல் வானம் தெளிந்த நாட்களில் சூரியனை அங்கே படம் எடுத்து வருகிறார்கள், அந்தப் பழைய தட்டுகள் டிஜிட்டலாகவும் மாற்றப்பட்டிருக்கின்றன. நம் கணக்கில் அது ஒரு நாள் இன்டர்வெல் வைத்த டைம்லாப்ஸ். ஒரு கரும்புள்ளி சூரியனின் முகத்தைக் கடக்கச் சுமார் 13 நாள் எடுக்கும், 25 படம் ஒரு விநாடி என்று ஓட்டினால் அரை விநாடியில் ஓடிப்போகும். ஆனால் 11 ஆண்டுச் சுழற்சியில் புள்ளிகள் கூடுவதையும் குறைவதையும் காட்ட அந்த ஒரு நாள் இன்டர்வெல்லே தாராளம். எதைக் காட்டப் போகிறோம் என்பதுதான் இடைவெளியை முடிவு செய்கிறது. அடுத்த முறை போகும்போது ஆய்வகத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, வெளிச்சம் துடிப்பது. இதற்கும் ரிமோட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஏவி மோடில் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா புதிதாக வெளிச்சம் அளக்கிறது, வெள்ளை மேகம் சட்டகத்தில் கூடினால் இருட்டாக்கும், குறைந்தால் வெளிச்சமாக்கும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் நிறத்தையும் அதே மாதிரி ஆட்டும். எம் மோடு, நிலையான ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ் டேலைட் என்று பூட்டினால் பெரும் பகுதி போய்விடும். அப்புறமும் ஒரு மெல்லிய நடுக்கம் மிஞ்சும், அது லென்ஸின் திறப்பைச் சிறிதாக்கும் அபெர்ச்சர் இதழ்களால் வருவது. படம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் லென்ஸ் முழுக்கத் திறந்த நிலையிலிருந்து எஃப்/11-க்கு மூடித் திறக்கிறது, ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசத்தில் நிற்கிறது. ஒற்றைப் படத்தில் தெரியாது, வரிசையாக ஓட்டினால் தெரியும். மூடும் அளவு கூடக் கூட இந்த நடுக்கமும் கூடும், அதனால் எஃப்/11 வேண்டாம், எஃப்/5.6 போதும். லென்ஸின் முழுத் திறப்பிலேயே எடுத்தால் இதழ்கள் அசையவே அசையாது, நடுக்கமும் இல்லை. மிச்சத்தை மென்பொருளில் சரிசெய்யலாம். எல்ஆர்டைம்லாப்ஸ் இதற்கென்றே உள்ளது, இலவசப் பதிப்பில் ஒரு வரிசைக்கு 400 படம் வரை எடுத்துக்கொள்ளும், உங்கள் 300-க்குப் போதும். டாவின்சி ரிசால்வில் படங்களை ஒரே காணொளியாகச் சேர்ப்பது இலவசப் பதிப்பிலேயே முடியும், துடிப்பு நீக்கும் வசதி மட்டும் காசு கொடுக்கும் பதிப்பில்தான்.

வெயிலிலிருந்து நட்சத்திரம் வரை ஒரே ஓட்டமாக எடுக்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் இப்போது வேண்டாம் என்பேன். சூரியன் மறைவதிலிருந்து முழு இருட்டுக்குள் 15 ஸ்டாப்புக்கு மேல் இறங்க வேண்டியிருக்கும், சில நிமிடத்துக்கு ஒரு முறை கேமராவைத் தொட்டு ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் மாற்ற வேண்டும், பிறகு அந்தப் படிகளை மென்பொருளில் நிரவ வேண்டும். முதலில் இருட்டை மட்டும் தனியாக எடுத்துப் பழகுங்கள். உங்கள் லென்ஸில் 18 மி.மீ., எஃப்/3.5, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 15 விநாடி. 500-ஐ லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுக்கும் பழைய கணக்கில், சின்ன சென்சாருக்கு 1.6 பெருக்கிக்கொண்டால், 17 விநாடி வரும். அதற்கு மேல் போனால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாகத் தெரியும், 15 கொஞ்சம் பாதுகாப்பு. இன்டர்வெல் தொடக்கத்திலிருந்து தொடக்கம் வரை 18 விநாடி. 250 படத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும், ஓடுவது 10 விநாடி. மெனுவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அது ஆன் ஆகியிருந்தால் 15 விநாடிப் படத்துக்குப் பிறகு இன்னொரு 15 விநாடி ஷட்டரை மூடிக்கொண்டே கேமரா வேலை செய்யும், ரிமோட் பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருக்கும், பாதிப் படம் போச்சு. பால்வீதியின் நடுப்பகுதி வேண்டுமென்றால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நிலா இல்லாத நாட்களில் விடிவதற்கு முந்தைய மணி நேரங்கள் நன்றாக இருக்கும். கோடைக்கானலிலிருந்து அது உச்சத்தில் தெற்கு வானில் சுமார் 50 டிகிரி உயரம் வரும், வட நாடுகளில் இருப்பவர்களுக்கு இந்த உயரம் கிடைக்காது.

மலையில் இரவென்றால் பனி. ஒரு முறை நான்கு மணி நேரம் ஓட விட்டுவிட்டு வண்டிக்குள் போய்ப் படுத்தேன். 600 படத்தில் முதல் 250-க்குப் பிறகு எல்லாம் பால் ஊற்றியது மாதிரி வெள்ளை, லென்ஸ் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. ரிமோட் 600 வரை ஒழுங்காக எண்ணி முடித்திருந்தது. அதற்குப் பிறகு லென்ஸைச் சுற்றிக் கை சூடாக்கும் பொட்டலம் ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டாமல் ராத்திரியில் எடுப்பதில்லை, அரை மணிக்கு ஒரு முறை டார்ச்சைச் சாய்த்துக் கண்ணாடியைப் பார்க்காமலும் விடுவதில்லை.

மற்ற சின்ன விஷயங்கள் வேகமாக. ரிமோட்டை அந்தரத்தில் தொங்க விடாதீர்கள், காற்றில் ஆடி ட்ரைபாட் காலில் தட்டும், ஒட்டுப் பட்டையால் காலோடு கட்டுங்கள். ட்ரைபாட்டில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசரை அணையுங்கள். ஆட்டோ பவர் ஆஃபை நிறுத்துங்கள், 1 நிமிடத்துக்கு மேல் இன்டர்வெல் வைக்கும்போது தூங்கிப்போன கேமராவை எழுப்புவதிலேயே ஒரு அழுத்தல் போய்விடலாம். எடுத்த படத்தைத் திரையில் காட்டுவதையும் நிறுத்துங்கள், பேட்டரி மிஞ்சும். உங்கள் பேட்டரிக்குக் கேனன் சொல்லும் கணக்கு வியூஃபைண்டரில் சுமார் 500 படம், குளிரில் அதைவிடக் குறையும் என்று வைத்துக்கொண்டு இன்னொன்றைச் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். ஏவி மோடில்தான் எடுப்பேன் என்றால் வியூஃபைண்டரை மூடுங்கள், பின்னாலிருந்து வரும் வெளிச்சம் அளவீட்டைக் கெடுக்கும். இந்த எல்லாமே சேர்ந்து ஷட்டரின் ஆயுளைத் தின்னும் என்பதும் உண்மை. 5டி மார்க் 3 மாதிரி விலை உயர்ந்த கேமராவுக்கே 1,50,000 முறை என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. இதற்காகப் பயந்து எடுக்காமல் இருக்க வேண்டாம், ஆனால் சோதனை ஓட்டம் 20 படத்தோடு நிற்கட்டும்.

அடுத்த முறை அதே இடத்துக்குப் போனால் இப்படிச் செய்து பாருங்கள். லைவ் வியூவில் (காட்சியைப் பின் திரையில் நேரடியாகப் பார்க்கும் முறை) தூர மலை விளிம்பை 10 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் வைத்து, லென்ஸ் சுவிட்சை எம்எஃப்-க்கு, அதாவது கையால் ஃபோகஸ் வைக்கும் நிலைக்குத் தள்ளி, வளையத்தின் மேல் காகித டேப் ஒட்டுங்கள். கிட் லென்ஸ் வளையம் தளர்வாக இருக்கும், கை பட்டாலே நகரும். லைவ் வியூவை மறக்காமல் அணையுங்கள். எம் மோடு, எஃப்/5.6, ரா மட்டும் அல்லது ஜேபெக் மட்டும், இரண்டும் வேண்டாம். ஷட்டர் அரை விநாடிக்கு மேல் போகாதபடி ஐஎஸ்ஓ, இன்டர்வெல் 3 விநாடி. முதலில் 20 மட்டும் ஓட்டி, கார்டில் 20 இருக்கிறதா என்று எண்ணிவிட்டு 300-ஐத் தொடங்குங்கள். அப்போதும் குறைந்தால், விடுபட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பத்துப் படங்களின் நேரத்தையும் கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் வேக எண்ணையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.